ஆறு மணிக்குள் சத்தம் வரணும்

"இது நாலாவது தடவைப்பா. இன்னிக்கும் சரியாகலைன்னா இந்த ஆம்பிளிஃபயரைத் தூக்கி மாடியிலேர்ந்து போடப் போறேன். நீ கீழ நின்னேன்னா எனக்கு ஒரே வேலையா முடிஞ்சிடும்."

டிரைவிங் மாஸ்டர் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். இருபது வருஷமாகக் கார் கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியதில் அவருக்கு மெதுவாகப் பேசவே மறந்துபோயிருந்தது. கோபம் ஏறினால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும், அங்கே பிரேக் இருப்பதுபோல.

மெக்கானிக் பெட்டியின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஆறு மணிக்குப் பாப்பா டிவியில செய்தி வாசிக்கறா தம்பி. மொத தடவை, நேரடியா," என்றாள் மாஸ்டரின் மனைவி. "அதான் இவர் காலையிலேர்ந்து குதிக்கறார்."

"நான் எங்கடி குதிக்கறேன்? பொண்ணு வாயசைக்கறதை மட்டும் பார்த்துட்டு உக்காந்திருக்கணுமா?"

"டிவி சத்தத்துலயே கேக்கலாமே சார்?"

"அதோட ஸ்பீக்கர் போய் ரெண்டு வருஷமாச்சு. அதையும் இவர்தான் கழட்டிப் பார்த்தார்," என்றாள் அவள்.

மாஸ்டர் அவளை முறைத்தார். மணி ஐந்தரை.

மெக்கானிக் ஸ்பீக்கர் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நுனியை முறுக்கி மாட்டினார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு இல்லை. டிவியிலிருந்து வரும் கேபிளை மாற்றினார். சத்தம் தடங்கலில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"எப்பல்லாம் சார் போகுது?"

"தினம் சாயங்காலம். ஒரு நிமிஷம் போகும், தானா வரும். நீ காலையில வந்து பார்த்தா ஒழுங்குப் பிள்ளையா பாடுது. அந்த நேரம் பார்த்து இந்தச் சனியன் போன் வேற. ரெண்டு மணி அடிக்கும், எடுக்கப் போனா நின்னுடும். எவனோ வேலைவெட்டி இல்லாதவன்."

மெக்கானிக் நிமிர்ந்தார். "ரெண்டும் ஒரே நேரத்துலயா?"

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த லேண்ட்லைன் போனை எடுத்து, ஒயர் எட்டும் வரை நகர்த்தி, ஜன்னல் விளிம்பில் வைத்தார். "கிட்ட இருந்ததால இருக்கலாம். இனிமே வராது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, சத்தம் போய்விட்டது.

"பாரு. நீ சொன்னது அதுக்குக் கேட்டுடுச்சு," என்றார் மாஸ்டர்.

மெக்கானிக் பெட்டியின் முகப்பை உற்றுப் பார்த்தார். எழுத்து தெரிகிற இடத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இது என்ன சார்?"

"லைட்டு கண்ணைக் குத்துது. நான்தான் ஒட்டினேன்."

மெக்கானிக் உரித்தார். உள்ளே 'ம்யூட்' என்ற எழுத்து விட்டுவிட்டு எரிந்தது. ஜன்னலில் போன் இரண்டு மணி அடித்து நின்றது. எழுத்து அணைந்தது. சத்தம் வந்தது.

"சார், பெட்டியில கோளாறே இல்ல. யாரோ ரிமோட்ல சத்தத்தை நிறுத்தறாங்க."

"என் ரிமோட் வாங்கின கவரோட பீரோவுல இருக்கு. நான் குமிழைத் திருகறவன்."

மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தார். சந்துக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், எதிர்வீட்டு ஜன்னல். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கயும் இதே செட்தான் சார். போன மாசம் போயிருந்தேன். அந்த ரிமோட்ல எல்லாப் பட்டனும் தேஞ்சுபோச்சு, ம்யூட் ஒண்ணுதான் வேலை செய்யுது. அவர் அங்க அழுத்தினா இங்கயும் நிக்குது."

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. "அந்த ஆளா? என்னைப் பார்த்து அதே செட்டை வாங்கினான். இப்ப என் சத்தத்தையும் நிறுத்தறானா? வேணும்னே பண்றான்."

"அவருக்கு இது தெரியவே தெரியாது சார். ஜன்னல் திரையை இழுத்து விட்டாப் போதும்."

"அவனுக்குப் பயந்து என் வீட்டு ஜன்னலை நான் ஏன் மூடணும்?"

"பேச்சு நின்னு ஆறு வருஷமாச்சு. அவரும் மூடல, நீங்களும் மூடல," என்றாள் மனைவி, யாரையும் பார்க்காமல். "நான் மூடறேன்."

"திரையில கை வெச்சே, தெரியும்."

மணி ஆறு. டிவியில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "வணக்கம். முக்கியச் செய்திகள்..."

அவ்வளவுதான். உதடு மட்டும் அசைந்தது.

மாஸ்டர் இரண்டே எட்டில் ஜன்னலுக்குப் போனார். கத்த வாய் திறப்பதற்குள் முழங்கைக்குப் பக்கத்தில் போன் அடித்தது. இருக்கிற எரிச்சலில் முதல் மணியிலேயே பிடுங்கினார்.

"எவன்டா அது?"

மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்டர் நிமிர்ந்தார். எதிர் ஜன்னலில் அந்த ஆள் ஒரு கையில் ரிமோட்டும் காதில் போனுமாக, இவரையே பார்த்தபடி நின்றிருந்தான்.

"அண்ணே," என்றது போனில் கூடப்பிறந்த தம்பியின் குரல். "தினம் டிவி சத்தத்தை நிறுத்திட்டு உனக்குத்தான் போடறேன். ரெண்டாவது மணிக்குள்ள தைரியம் போயிடுது. இன்னிக்கு நம்ம பாப்பா..."

மாஸ்டருக்குக் கத்தினால்தான் குரல் வரும் போலிருந்தது.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்டா, மொதல்ல அந்த ம்யூட்டை எடுத்துத் தொலை. நம்ம பொண்ணு வாசிக்கறது ரெண்டு வீட்லயும் கேக்கல."