வலப்பக்கத்து ஷாக்

கிட்ட வந்து உட்காருங்க, இது ஒரு பிக்கப் வண்டியோட வயித்தெரிச்சல் கதை.

செங்கோடன் வாசலிலேயே ஜாக்கி போட்டு, வண்டியின் முன்பக்கம் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்ற உட்கார்ந்தான். இடப்பக்கம் புதுசு ஏறியது. வலப்பக்கத்துப் பழசை அமுக்கிப் பார்த்தவன், "இது இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று, புதுசின் கூடப்பிறந்த இன்னொரு புது ஷாக்கைப் பெட்டியோடு சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பினோமே என்று அந்தப் பழசு சந்தோஷப்பட்டதா? இல்லை. புதுசை அவன் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் அதற்கு வயிறு எரிந்தது.

"இத்தனை வருசம் குழியெல்லாம் தாங்கினது நான். சீராட்டு உனக்காடா?"

"அதானே! நீங்க சத்தமே போடாம இருந்தா அவருக்கு எப்படிண்ணே தெரியும்? குழி வந்தா ஓங்கிக் கத்துங்க. உங்களையும் குனிஞ்சு பார்ப்பாரு" என்றது புதுசு.

பழசு கத்தியது. வேகத்தடையில் முனகியது, குழியில் அலறியது. ஞாயிற்றுக்கிழமை செங்கோடன் ஜாக்கி போட்டு, குனிந்து, அதைக் கையால் தடவிக்கூடப் பார்த்தான். பழசுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கொஞ்ச நேரத்தில் அது வண்டியிலிருந்து கழன்று சாக்கு மேல் கிடந்தது. சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டி பிரிந்தது.

வலப்பக்கம் வந்து ஏறிய தம்பியிடம் புதுசு மெல்லச் சொன்னது: "வாடா. எந்தக் குழி வந்தாலும் வாயை மட்டும் திறக்காதே."