கருகிய பற்சக்கரங்கள்

ரோடெல் செய்த மரக்கடிகாரம் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நின்றது. பக்கத்தில் ஜிங்கி செய்தது நான்கு நாளாக நிற்கவேயில்லை.

ரோடெலுக்கு வயிறு எரிந்தது. செபு நகரின் அந்தப் பொதுப் பட்டறையில் அவன் ஆறு வருடமாகப் பற்சக்கரம் வரைகிறவன். தன் கடிகாரத்தைப் பதினோரு முறை திருத்தி வரைந்தவன். அவளோ லேசர் வெட்டும் இயந்திரத்தைத் தொட்டே இரண்டு மாதம்தான். மணிலா கண்காட்சிக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள்.

பட்டறைத் தலைவி மாரிவிக் கண்காட்சி விண்ணப்பப் படிவத்தோடு வந்து ஜிங்கியின் கடிகாரத்தருகே நின்றார்.

"ரோடெல், நீயே சொல்லு. இதைத் தேர்வு பண்ணலாமா?"

"இதையா மேம்? பல்லு ஒவ்வொண்ணும் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் கருகிக் கிடக்கு. வரைஞ்ச ஆளுக்குப் பற்சக்கரம்னா என்னன்னே தெரியல. ஒரு வாரம் ஓடினா அதிசயம்."

"குயா, உங்க வாயால அப்படிச் சொல்லாதீங்க!" அவனை அண்ணன் முறையில் 'குயா' என்றே அழைக்கும் ஜிங்கிக்குக் கண் கலங்கியது.

"உண்மையைச் சொன்னா கசக்கும்."

"நீயே இப்படிச் சொன்னா நான் என்ன செய்ய?" மாரிவிக் படிவத்தில் இருந்த பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டுக் கிளம்பினார்.

ரோடெலுக்கு மனம் லேசானது. "அழாதே ஜிங்கி, அடுத்த வருஷம் மணிலா போகலாம்."

"நானா? வரைஞ்சவங்களைத்தானே அனுப்புவாங்க? எனக்கு ஒரு வட்டம்கூட வரைய வராது குயா. நீங்க வேண்டாம்னு கணினியில விட்டுவச்ச முதல் படத்தைத்தான் அப்படியே வெட்டினேன். படிவத்துலயும் உங்க பேரைத்தான் எழுதிக் கொடுத்தேன்."