பின் பெஞ்ச்

இந்தோனேசியாவின் சுராபாயாவில், ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கான மொழி வகுப்பு. சிறந்த ஆசிரியருக்கு விருதும் ஜப்பான் பயண நிதியும் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் வந்த நடுவர்கள் விராவானும் புஸ்பிதாவும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். அந்த ஊரில் ஐயாவுக்கு 'பாக்', அம்மாவுக்கு 'இபு'.

கரும்பலகை முன் நின்ற இளம்பெண் ஜப்பானிய மொழியில் வெளுத்து வாங்கினாள்.

"விருது இவங்களுக்குத்தான், இபு!" என்று கிசுகிசுத்தார் விராவான்.

"பின் பெஞ்ச் நரைமுடிக்காரரைப் பாருங்க, பாக். பாட்டியைத் துவைச்சுக் காயப்போடணும்ங்கறார்! வகுப்பே சிரிச்சுத் திருத்துது. இவர் ஜப்பான் போய்ச் சேர்ந்தாப்லதான்!" என்றார் புஸ்பிதா.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் போனார்கள்.

"பிரமாதம், டீச்சர்!"

"ஐயோ, நான் மாணவி. ஆசிரியர் பின் பெஞ்ச்ல இருக்கார்."

"அவரா? அத்தனை தப்பாப் பேசறாரே!"

"ஆரம்பத்துல தப்பாயிடுமோன்னு நாங்க யாரும் வாயே திறக்கல, இபு. 'எனக்கு வயசாச்சு, எல்லாம் மறந்துபோச்சு, நீங்கதான் திருத்தணும்'னு பின்னால போய் உட்கார்ந்துட்டார்."

"அடடா, நிஜமாவே மறந்துபோச்சா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க! ஒருநாள் போன்ல ஜப்பான்காரர்கிட்ட அருவியாக் கொட்டினார். நாங்க கேட்டுட்டோம்கிறது அவருக்குத் தெரியாது. விருது கொடுக்கறப்ப எங்களைக் காட்டிக்கொடுத்துடாதீங்க, இபு!"