கத்தி போட்ட காயம்

அன்று காலைதான் கத்திக்குச் சாணை பிடித்திருந்தார்கள். அதனால் அதன் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் நறுக்கியது எதுவும் திரும்பி வந்து என்னை எதிர்த்ததில்லை, தெரியுமா?" என்று பக்கத்தில் கிடந்த முளைக்கீரைக் கட்டைப் பார்த்துச் சொன்னது.

"அப்படியா, சரி" என்றது கீரை.

கீரை நறுக்க வந்த அமலி, அடுப்பில் பொங்கிய பாலைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நொடியில் கத்தி அவள் விரலில் இறங்கியது. ரத்தம் சமையல் மேடையில் சொட்டியது.

"பார்த்தாயா? இது நான் போட்ட காயம். ரத்தம் நிற்கவே நிற்காது!" என்றது கத்தி.

"நிற்கும்" என்றது கீரை.

அமலி விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பாலில் ஆடை படிவதற்குள் ரத்தம் உறைந்து நின்றுவிட்டது.

கத்திக்குப் பொறுக்கவில்லை. "யார் நிறுத்தியது? இங்கே யாருமே வரவில்லையே!"

"இப்போது வரவில்லை. முன்பே அவள் உடம்புக்குள் போய்விட்டது" என்றது கீரை. "அதற்கு வைட்டமின் கே என்று பெயர். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை ஈரலில் தயார் செய்து வைப்பது அதன் வேலை."

"அது கொழுப்பில்தான் கரையும். நான்தான் அதை உடம்பில் சேர்த்துவிட்டேன்" என்றது அடுப்போரம் இருந்த எண்ணெய்ப் புட்டி.

"எங்கிருந்து சேர்த்தாய்?" என்று கத்தி அதட்டியது.

"போன வாரமெல்லாம் நீ நறுக்கிப் போட்ட கீரையிலிருந்துதான்."

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, அமலி கத்தியைக் கழுவி எடுத்தாள்.

"ம், நறுக்கு" என்றது கீரை.