கீழே விழவில்லை

பிள்ளையின் மணிக்கட்டில் நான்கு விரல்களும் பதிந்துவிட்டன.

மிஸ் ஈரத்துணியை வைத்து ஒற்றினாள். சிவப்பு குறையவில்லை.

நஸ்ரின் அழுது ஓய்ந்திருந்தாள். மூன்றரை வயது. மிஸ்ஸின் மடியிலேயே சாய்ந்துகொண்டு, மிஸ்ஸின் சேலையிலேயே மூக்கைத் துடைத்தாள்.

அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. பக்கத்துப் பிள்ளையின் டிபன் பாக்ஸில் நஸ்ரின் மூன்றாவது முறையாகத் தண்ணீரை ஊற்றினாள். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தின. மிஸ் எட்டி அந்தச் சின்னக் கையைப் பிடித்து இழுத்தாள்.

இழுக்கும்போதே தெரிந்தது, இது அதிகம் என்று. தெரிந்த பிறகும் பிடி உடனே தளரவில்லை.

பதினொரு வருடமாக இந்த வேலை. ஒரு பிள்ளையைக்கூடக் கைநீட்டி அடித்ததில்லை என்று நேற்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு நஸ்ரினின் அம்மா வந்துவிடுவாள்.

ஆயா இசக்கியம்மாள் தரையைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினாள்.

"ஊஞ்சல்ல இருந்து விழுந்துட்டான்னு சொல்லிருங்க மிஸ். பிள்ளைக்குத்தான் இன்னும் பேச்சே வரலையே."

நல்ல மனதோடு சொன்னதுதான்.

நஸ்ரினுக்கு ‘ம்மா’ வரும். ‘தா’ வரும். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை.

மணி அடித்தது.

ஜொஹரா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகளின் கையைப் பார்த்துவிட்டாள்.

"விழுந்துட்டாளா மிஸ்?"

ஒரு ‘ஆமா’ போதும்.

"இல்லீங்க. நான்தான் கோவத்துல கையப் பிடிச்சு இழுத்துட்டேன். பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

துடைத்துக்கொண்டிருந்த இசக்கியம்மாளின் கை நின்றது.

ஜொஹரா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போன ஸ்கூல்ல மூணு தடவ இப்படித் தடம் இருந்துச்சு. மூணு தடவையும் கீழ விழுந்துட்டான்னுதான் சொன்னாங்க."

சொல்லிவிட்டு நடந்தாள். நாளைக்கு வருவோம் என்றும் சொல்லவில்லை, வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை.

அன்றே மிஸ் நடந்ததை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தலைமை ஆசிரியையிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரும் புகார் பண்ணலையேம்மா. இத எதுக்கு எழுதிக் குடுக்குறீங்க?"

அவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் வகுப்புக்கு வர வேண்டாம் என்று உத்தரவாயிற்று.

மறுநாள் காலை, வருகைப் பதிவேட்டைப் புது ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு வராந்தா வழியாக வந்தாள். அலுவலக அறைக்குள் ஜொஹராவின் குரல் கேட்டது.

"அந்த மிஸ் எப்ப திரும்பி வருவாங்க?"

"ரெண்டு வாரம் ஆகும்மா. பயப்படாதீங்க, இப்ப வேற மிஸ் போட்டிருக்கோம்."

ஜொஹரா நாற்காலியை நகர்த்தி எழும் சத்தம் கேட்டது.

"அப்ப அந்த மிஸ் வர்ற வரைக்கும் பிள்ள வீட்லயே இருக்கட்டும்."

வராந்தாவில் அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

அந்தம்மா நேற்றே நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று தோன்றியது.