ரொட்டிச் சட்டிக்குக் காவல்

மூடியின் மேல் தேங்காய்ச் சிரட்டைக் கனல் சிவந்து கிடந்தது. அடியில் அடுப்பு தணிந்து எரிந்தது.

அவர் கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலும் கீழும் நெருப்பு. உள்ளே ஆற்றுமணல். மணலில் பாதி புதைத்த டின்னுக்குள் மாவு. அந்த வீட்டில் ரொட்டி வேகும் விதம் இதுதான்.

"அரை மணி நேரம் தொறக்கப்பிடாது, கேட்டியளா?"

விசிறியைக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு பிலோமினாவிடம் கப்பும் சாசரும் இரவல் வாங்க மனைவி போயிருந்தாள்.

போன கிறிஸ்துமஸுக்கு, உப்புகிறதா என்று அவர் நான்கு முறை மூடியைத் தூக்கிப் பார்த்தார். ரொட்டி நடுவில் குழிந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் அவள் ரொட்டியோடு காரணத்தையும் பரிமாறினாள்.

அதன்பிறகு அவருக்கு அடுப்புப் பக்கம் வேலை இல்லை.

இன்று நான்கு மணிக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இன்றைக்குப் போய் விசிறியை நீட்டியிருக்கிறாள்.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

முப்பத்திரண்டு வருடம் தபால்காரர். ஒரு கடிதத்தைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

இது வெறும் சட்டி.

பத்து நிமிடம் ஆனது.

பதினைந்து.

வாசனை வரவில்லை.

குனிந்து மோந்தார். மீசை பொசுங்கிய வாசம் மட்டும் வந்தது.

கருகுகிறதோ. வேகவே இல்லையோ. எதுவானாலும் பழி ஒருவருக்குத்தான்.

சன்னலில் மகளின் தலை தெரிந்தது.

"யப்பா, அம்மா சொன்னது ஞாபகம் இருக்குல்லா?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா? போய்த் தலையைச் சீவு."

தலை மறைந்தது.

இடுக்கியால் மூடியை ஒரு விரற்கடை தூக்கினார்.

மணல்.

இன்னும் கொஞ்சம்.

மணல்தான். டின் இல்லை. ரொட்டியும் இல்லை.

அப்போது காற்று திரும்பியது. பிலோமினா வீட்டு மதிலைத் தாண்டி, பதமாக வெந்த ரொட்டியின் வாசனை வந்தது. கூடவே இரண்டு பெண்களின் சிரிப்பு.

விடுவிடுவென்று மதிலருகே போனார். கேட்டுவிட வேண்டியதுதான்.

வாயைத் திறந்தார்.

எப்படித் தெரியும் என்று அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்து மூடியை இருந்தபடியே வைத்தார். சிதறிய கனலைப் பொறுக்கி அடுக்கினார். முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன, வெந்துட்டா?" மதிலுக்கு அப்பாலிருந்து மனைவியின் குரல்.

அவர் நிதானமாக விசிறினார்.

"வாசம் வந்துட்டு. இன்னும் பத்து நிமிசம் செல்லும்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.