கடித்தது எது?

கடித்தது ஹாம்ஸ்டர் என்று எழுதியிருந்தார் டாக்டர் விட்லாக்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே ஃபைலை முதலிலிருந்து படித்தேன்.

பத்து மாதக் குழந்தை. தொட்டிலில் தூங்கும்போது கால் பெருவிரலில் கடி. கூண்டில் அடைத்து வளர்க்கிற, செல்ல எலி மாதிரியான ஹாம்ஸ்டர் எழுந்து வந்து தொட்டிலில் ஏறுமா என்ன? காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு நேற்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி ஃபைலைப் படித்து, ஒவ்வொரு காயத்துக்கும் உரிய குறியீட்டு எண் போடுவது என் வேலை. வீட்டிலிருந்தே, சமையலறை மேஜையில். சுண்டெலி கடித்தால் ஒரு எண், பெரிய எலி கடித்தால் ஒன்று, அணிலுக்கு வேறு. ஹாம்ஸ்டர் 'மற்ற கொறிக்கும் பிராணிகள்' கணக்கில் போகும்.

எலி என்றால் காய்ச்சல் வருமுன் மருந்து கொடுத்தாக வேண்டும். விட்டால் பச்சை உடம்பு தாங்காது. ஆனால் எலி என்று வாயைத் திறந்தால் குழந்தைகள் நலத்தைக் கவனிக்கிற கவுன்டிக்காரர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பெற்றவள் பொய் சொல்லாமல் என்ன செய்வாள்?

டாக்டர் எழுதாததை நான் போடக்கூடாது. சந்தேகம் கேட்கலாம். ஆனால் 'எலியா?' என்று பதிலை எடுத்துக் கொடுக்கிற மாதிரி கேட்கக்கூடாது. கேட்டால் வேலை காலி.

அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன்.

'கடித்த பிராணி எது, அது குழந்தையை எப்படி எட்டியது என்பதைத் தெளிவுபடுத்தவும்.'

அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போனது.

தலைக்கு மேலே, மாடி வீட்டில் போன் அடித்தது.

இன்னொரு விதியும் உண்டு. தெரிந்தவர்கள் ஃபைல் வந்தால் தொடாமல் திருப்பிவிட வேண்டும். நான் திருப்பவில்லை.

இந்தக் கட்டடத்துச் சுவருக்குள் எலிகள் ஓடுவது எல்லாருக்கும் தெரியும். ஹாம்ஸ்டர் ஒன்றே ஒன்றுதான், அது என் மகள் அறையில் இருக்கிறது.

படியில் தடதடவென்று சத்தம். லேப்டாப்பை மூடிவிட்டுக் கதவைத் திறந்தேன். டெனீட்டா நின்றிருந்தாள். இடுப்பில் ஜமீர், அவன் காலில் கட்டு.

"மிஸ் டோரீன், உங்க பொண்ணோட ஹாம்ஸ்டர இன்னிக்கு ஒரு நாள் குடுங்களேன். டாக்டர் இப்ப போன் பண்ணிக் கேட்டாரு, வீடியோல காட்டணும். எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க, ப்ளீஸ்."

போன வருஷம் மூத்தவனைக் கவுன்டிக்காரர்கள் கொண்டுபோனபோது, இதே படியில் உட்கார்ந்துதான் அழுதாள். ஆனால் ஹாம்ஸ்டரைக் கொடுத்தால் பொய் நிலைத்துவிடும், ஜமீருக்கு மருந்து கிடைக்காது.

"அது செத்துப்போச்சும்மா."

உள்ளே அந்தச் சனியன் சக்கரத்தில் ஏறிக் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

டெனீட்டா அந்தச் சத்தத்தைக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு படியேறத் திரும்பினாள்.

"ஓடாத, நில்லு. என்னையும் எலி கடிச்சிருக்கு. மேல ஒரு வீடு, கீழ ஒரு வீடுன்னா அது கட்டடத்தோட தப்பு, உன் தப்பில்ல. வா, ரெண்டு பேரும் போய் டாக்டர்கிட்ட எலின்னே சொல்லுவோம்."

"ஐயோ, உங்களையுமா? எங்க?"

"இரு, காட்டுறேன்."

மகள் அறைக்குப் போய்க் கூண்டின் கதவைத் திறந்து, இதுவரை எதுவும் கடிக்காத விரலை உள்ளே நீட்டினேன்.